ஐந்தாம் நம்பர்

1945-ஆம் வருஷம். பாரிஸ் நகரத்தில் காம்போன் தெரு. அங்கே 31-ஆம் எண்ணுள்ள கடை வாசலில் நீண்டதொரு ‘கியூ’ நின்றது. ரொட்டிக்கும் கரிக்கும் கியூ நிற்பது அந்த நாளில் பாரிஸில் சர்வ சாதாரணம். ஆனால் இந்தக் கியூவில் நின்றவர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள். ஜெர்மானியரை ஓட ஓட விரட்டிவிட்டு வந்த அந்த வீரர்கள், ஒரு சின்னஞ்சிறு சென்ட் புட்டிக்காகப் பொறுமையாகக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள்!

ஊரிலே தாயார் காத்திருக்கிறாள், மனைவி காத்திருக்கிறாள், கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு காதலி காத்திருக்கிறாள். பாரிஸுக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பலாமா? பிரெஞ்சு பாஷை தெரியாதே என்று அவர்கள் கவலைப்படவும் இல்லை. கடைக்காரப் பெண்ணிடம் ஐந்து விரல்களை விரித்துக் காட்டினால் போதும், புட்டி கைக்கு வந்துவிடும் என்று சொல்வார்கள். ஏனென்றால் அந்த வாசனைக்குப் பெயரே கிடையாது. நம்பர்தான் உண்டு. ‘ஷானல் ஐந்தாம் நம்பர்!’

கடையின் முகப்பிலே ஷானல் என்று எழுதியிருந்தது. புட்டியின் மேலே ஷானல் என்று எழுதியிருந்தது. ஆனால் அந்தச் சென்ட் கம்பெனியில் ஷானல் என்ற அந்த அம்மாளுக்கு இருந்த பாகம் எவ்வளவு தெரியுமா? நூற்றுக்குப் பத்து! மீதித் தொண்ணூறு பிறருக்கு. அந்தத் தொண்ணூறைப் பிடுங்குவதற்காக அம்மாள் கால் நூற்றாண்டு காலம் சண்டை போட்டார். அந்தச் சண்டையில் நியாயமான ஆயுதங்களையும் எடுத்தார். எடுக்கக் கூடாத ஓர் ஆயுதத்தையும் எடுத்தார்.

புட்டியைத் திறந்தால் மணம் வருகிறது. அதன் சரித்திரத்தைத் திறந்தால் மணத்தோடு வேறு சிலவும் வருகின்றன.

சலவைக்காரியின் மகள்

பிரான்ஸ் தேசத்தில் ஸோமூர் என்ற ஊரில், ஏழைகளுக்கான தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில், 1883-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. காப்ரியேல் என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் ஊர் ஊராகச் சந்தைக்குச் சந்தை சாமான் விற்றுத் திரிந்த வியாபாரி. தாய் துணி வெளுக்கிறவள். காப்ரியேலுக்குப் பதினொரு வயது நடக்கும்போது தாய் கண்ணை மூடினாள். தகப்பன் பெண் குழந்தைகளை ஓபாஸின் என்ற ஊரில் இருந்த கன்னிகாஸ்திரீகளின் அனாதை விடுதியில் விட்டுவிட்டுப் போனான். போனவன் போனவன்தான்.

கற்சுவர்கள், வெள்ளையும் கறுப்புமான உடைகள், சோப்புப் போட்டுத் துவைத்து மடித்த வெளுத்த படுக்கை விரிப்புகள், கையிலே ஊசி நூல். இந்தச் சூழ்நிலையில்தான் அவள் வளர்ந்தாள். பிற்காலத்தில் உலகத்துச் சீமாட்டிகளுக்கெல்லாம் அவள் விதித்த ‘நாகரிகம்’ அந்த விடுதியிலிருந்தே பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கறுப்பு, வெள்ளை, சுத்தம். மற்றதெல்லாம் வீண் ஆடம்பரம்!

விடுதியை விட்டு வந்தபின் மூலேன் என்ற ஊரில் தையல் வேலை. ராத்திரி வேளையில் அங்கே பட்டாளத்துக்காரர்கள் கூடும் பாட்டுக் கொட்டகையில் பாடினாள். ‘கோக்கோ’ என்ற செல்லப் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். பிறகு பணக்கார நண்பர்களின் சகவாசம். ஆர்தர் கேப்பல் என்ற ஆங்கிலேயர் முதல் கொடுக்க, 1910-இல் காம்போன் தெருவில் தொப்பிக் கடை திறந்தாள். வாங்கிய முதலைப் பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்தாள். தொப்பியிலிருந்து உடைக்குப் போனாள். இடுப்பை இறுக்கி மூச்சு முட்ட வைத்த கச்சைகளைத் தூக்கி எறியச் சொன்னாள். ஆண்களின் உள்ளுடுப்புக்கென்று நெய்த மெல்லிய ஜெர்ஸித் துணியில் பெண்களுக்குச் சட்டை தைத்தாள். பணம் கொட்டியது. அனாதைப் பெண் ‘மத்மோஸேல் ஷானல்’ ஆகிவிட்டாள்.

1919 டிசம்பரில் கேப்பல் மோட்டார் விபத்தில் மாண்டார். ஷானல் இடிந்து போனார். ஊசிக்கும் நூலுக்கும் அப்பால் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் தேடிய சமயம் அது.

ஜார் அரண்மனை நிபுணர்

தையல்காரர் சென்ட் விற்பது அப்போது முற்றிலும் புதிதல்ல. பால் புவாரே என்ற பாரிஸ் உடை நிபுணர் 1911-இலேயே அதைச் செய்தார். ஆனால் அந்த வியாபாரத்துக்கு அவர் தம் பெயரை வைக்கவில்லை. மூத்த மகள் ரோஸீனின் பெயரை வைத்தார்.

அந்தக் காலத்தில் சென்ட் விஷயத்தில் ஐரோப்பாவில் ஒரு ஜாதி ஆசாரமே இருந்தது. குலஸ்திரீகள் ரோஜா, வயலட் என்று ஏதாவது ஒரே பூவின் மென்மையான மணத்தைப் பூசிக்கொள்வார்கள். கஸ்தூரி முதலிய கனத்த வாசனைகள் நாடகக்காரிகளுக்கும், ஊரார் கண்சாடை காட்டிப் பேசும் பெண்களுக்கும் உரியவை. இரண்டு பக்கத்தையும் ஷானல் நன்றாகப் பார்த்தவர். இரண்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ரோஜாவைப் போலவோ முல்லையைப் போலவோ அல்ல, பெண்ணைப் போல மணக்க வேண்டும் என்றார். உடையை வெட்டித் தைப்பது போல் வாசனையையும் வெட்டித் தைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

தைப்பதற்கு ஆள் கிடைத்தார். பெயர் எர்னஸ்ட் போ. பிரெஞ்சு வம்சம், ஆனால் 1881-இல் மாஸ்கோவில் பிறந்தவர். ருஷ்யச் சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு வாசனைத் திரவியம் அனுப்பிவந்த ராலே கம்பெனியின் நிபுணர். புரட்சி வந்தது, ஜார் போனார், அரண்மனை போயிற்று, வாடிக்கையும் போயிற்று. போ வடதுருவ வட்டத்தை ஒட்டிய ஆர்க்காஞ்சல் பிரதேசத்தில் பட்டாளத்து உத்தியோகம் பார்த்துவிட்டுப் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தார். அதே புரட்சியில் தப்பிப் பாரிஸுக்கு வந்திருந்தார் ஜார் குடும்பத்து இளவரசர் டிமித்ரி. அவர் ஷானலின் சிநேகிதர். போவை ஷானலுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே என்பார்கள்.

ஷானல் கேட்ட வாசனைக்குப் போ தம் ஞாபகத்திலிருந்து ஒன்றை எடுத்தார். அந்த வடக்குச் சீமையில் நடுநிசியிலும் சூரியன் மறையாத கோடை நாட்களில், ஏரிகளிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் எழும் குளிர்ந்த புத்துணர்ச்சி மணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அதை எப்படியாவது புட்டிக்குள் பிடித்துவிட வேண்டும் என்று முயன்றதாக அவரே பின்னால் சொன்னார்.

அதற்கு அவருக்குக் கைகொடுத்தது பூவல்ல, ரஸாயனம். ‘ஆல்டிஹைடு’ என்ற வகைப் பொருள்கள். ஊதி அணைத்த மெழுகுவர்த்தி, உரித்த ஆரஞ்சுத் தோல், சோப்புப் போட்டு வெளுத்து இஸ்திரி போட்ட துணி—இவையெல்லாம் கலந்தாற்போன்ற மணம் அவற்றுக்கு உண்டு. தனியாக மோந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் பூக்களின் சாரத்தோடு கொஞ்சம் சேர்த்தால், பாயசத்துக்கு ஏலக்காய் சேர்த்தது போல, அடங்கிக் கிடந்த மணமெல்லாம் ஒரே குதியாக எழும்பும். மற்றவர்கள் இதற்கு முன்பே அவற்றைச் சிறிதளவு சேர்த்துப் பார்த்ததுண்டு. போ தாராளமாகக் கை வீசினார். உதவியாள் தவறுதலாக அளவுக்கு மேல் ஊற்றிவிட்டான். அதுவே அதிர்ஷ்டமாகிவிட்டது என்று ஒரு கதைகூட உண்டு.

சலவைக்காரியின் மகள், அனாதை விடுதியில் சோப்பு வாசனையில் வளர்ந்தவள், வெளுத்த துணியின் மணம் கலந்த அந்தக் கலவையிடம் மனத்தைப் பறிகொடுத்ததில் ஆச்சரியம் என்ன?

ஐந்து ஏன்?

போ பத்து மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தார். 1 முதல் 5 வரை ஒரு வரிசை. 20 முதல் 24 வரை மற்றொரு வரிசை. ஷானல் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து ஐந்தாவது புட்டியை எடுத்தார். “இதற்கு என்ன பெயர் வைப்பது?” என்று போ கேட்டார். அம்மாள் யோசிக்கவே இல்லை. தம்முடைய புதிய உடைகளை ஐந்தாவது மாதமாகிய மே மாதத்தில் ஐந்தாந் தேதி வெளியிடப் போவதாகவும், ஆகவே புட்டிக்கும் ஐந்து என்ற நம்பரே நிற்கட்டும், அது அதிர்ஷ்டம் தரும் என்றும் சொன்னார்.

அவருக்கு ஐந்தில் அபார நம்பிக்கை. மேல்நாட்டு ஜோசியப்படி அவர் பிறந்தது சிம்ம ராசி. பன்னிரண்டு ராசிகளில் சிம்மம் ஐந்தாவது. நம் ஊர் ஜோசியருக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது!

1921-ஆம் வருஷம் மே 5-ந் தேதி ஐந்தாம் நம்பர் பிறந்ததாகக் கணக்கு. பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் இல்லை, தம்பட்டம் இல்லை. அம்மாள் வேறு தந்திரம் செய்தார் என்று கதை சொல்வார்கள். கான் நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் சிநேகிதர்களுக்கு விருந்து வைத்தாராம். மேஜையைச் சுற்றி இந்தச் சென்டைத் தெளித்தாராம். அந்தப் பக்கம் போன பெண்களெல்லாம் திடுக்கிட்டு நின்று, “என்ன வாசனை இது? எங்கிருந்து வருகிறது?” என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். அதுவே போதுமான விளம்பரம்.

புட்டியும் புதுமாதிரி. அந்நாளைய சென்ட் புட்டிகளைப் பார்த்தால் மாமியார் வீட்டு நகைப் பெட்டி போல் இருக்கும். பூவும் கொடியும் தேவதைகளுமாக ஜோடனை. ஷானலின் புட்டியோ மருந்துக் கடைப் புட்டி போல் சதுரமாக, வெறும் கண்ணாடியாக இருந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. அவ்வளவுதான். 1924-இல் ஓரங்களைப் பட்டை தீட்டியதும், பிறகு மூடியின் அளவைக் கொஞ்சம் மாற்றியதும் தவிர, நூறு வருஷமாக அதன் முகத்தோற்றம் மாறவில்லை. 1959-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலையில் அந்தப் புட்டியைக் காட்சிக்கே வைத்தார்கள்.

ஆயிரம் பூ ஒரு புட்டிக்குள்

ரஸாயனத்தைப் பற்றிச் சொன்னேன். அதனால் இது வெறும் மருந்துக் கடைச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கலவையில் சேரும் பொருள்கள் ஏறக்குறைய எண்பது. அவற்றில் ரோஜா உண்டு, சந்தனம் உண்டு, நம் வெட்டிவேர் உண்டு, வனிலா உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக மல்லிகை உண்டு.

அந்த மல்லிகை விளையும் இடம் கிராஸ். பிரான்ஸின் தெற்குக் கோடியில், மத்தியதரைக் கடலுக்குச் சமீபமாக உள்ள மலைச்சரிவு ஊர். ஒரு காலத்தில் அங்கே தோல் பதனிடுவதுதான் தொழில். கையுறைகளில் தோல் நாற்றம் தெரியாதிருப்பதற்காக வாசனை ஏற்றத் தொடங்கினார்கள். நாளடைவில் தோல் தொழில் போய்விட்டது. வாசனைத் தொழில் நிலைத்துவிட்டது. 2018-இல் ஐக்கிய நாடுகளின் ‘யுனெஸ்கோ’ ஸ்தாபனம் அந்த ஊராரின் கைத்திறமையை மனித குலத்தின் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தது.

கிராஸ் மல்லிகை எந்த மல்லிகை தெரியுமா? நாம் ஜாதிமல்லி என்றும், தெற்குச் சீமையில் பிச்சிப்பூ என்றும் சொல்லுகிறோமே, அதே இனந்தான்! கீழ்த்திசையிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் கடல் கடந்து போய் அங்கே வேரூன்றிய செடி.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பூக் காலம். விடியற்காலையிலேயே பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் மணம் இறங்கும். இயந்திரம் உதவாது; விரல் நுனிதான் வேண்டும். ஒரு கிலோ நிறுவைக்கு ஏறக்குறைய 8,000 பூ. இதை ரோஜாவைப் போல நீராவியில் காய்ச்சி இறக்கவும் முடியாது. சூடு பட்டால் மல்லிகையின் மணம் கெட்டுவிடும். ஆகையால் எளிதில் ஆவியாகும் திரவத்தில் ஊற வைத்து, மணத்தை அதில் இறக்கி, திரவத்தை ஆவியாக்கி விடுகிறார்கள். அடியில் மெழுகு போல ஒன்று தங்கும். அதைச் சாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை நீக்கினால் சுத்தமான சாரம் கிடைக்கும். 350 கிலோ பூவுக்கு ஒரு கிலோ மெழுகு. அதில் அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 லட்சம் பூ, அரைக் கிலோ சாரம்! முப்பது மில்லி கொள்ளும் ஒரு சிறு புட்டியில் ஆயிரம் மல்லிகையும் ஒரு டஜன் ரோஜாவும் அடங்கியிருப்பதாகக் கம்பெனியார் சொல்கிறார்கள்.

கிராஸ் நிலங்களில் பூத் தோட்டங்களை அழித்துப் பங்களாக்கள் எழும்பத் தொடங்கியபோது கம்பெனிக்குக் கவலை வந்தது. பூ மாறினால் மணம் மாறிவிடுமே! 1987-இல், பக்கத்துப் பெகோமாஸ் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகப் பூ பயிரிடும் ஒரு குடும்பத்தோடு நீண்ட கால ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்தத் தோட்டத்து மல்லிகை இந்தக் கம்பெனிக்கே.

எழுபது, இருபது, பத்து

இனி சண்டைக்கு வருவோம்.

புட்டிக்குக் கிராக்கி அதிகமாயிற்று. காம்போன் தெருக் கடையில் வைத்து விற்றது போதவில்லை. பாரிஸின் மிகப் பெரிய கடைகளில் ஒன்றாகிய ‘காலரீ லஃபாயெத்’தின் அதிபர் தியோஃபில் பாடேர், “இதைப் பெரிய அளவில் செய்ய வேண்டுமானால் தொழிற்சாலை வேண்டும், அதற்கு ஆள் காட்டுகிறேன்” என்று சொல்லி, குதிரைப் பந்தய மைதானத்தில் ஒருவரை அறிமுகப்படுத்தினாராம். அவர்தான் பியர் வெர்த்தைமர். ‘பூர்ஷ்வா’ என்ற பெரிய அழகுச் சாமான் கம்பெனியைத் தம் சகோதரர் பாலுடன் நடத்தி வந்த யூதப் பிரமுகர். பந்தயக் குதிரைப் பிரியர்.

1924-இல் ‘பர்ஃப்யூம் ஷானல்’ என்ற கம்பெனி பதிவாயிற்று. வெர்த்தைமர் சகோதரர்களுக்கு நூற்றுக்கு 70 பங்கு, பாடேருக்கு 20, ஷானலுக்கு 10. முதல் அவர்களுடையது, தொழிற்சாலை அவர்களுடையது, தேசம் தேசமாக விற்கும் ஏற்பாடும் அவர்களுடையது. எர்னஸ்ட் போ அங்கே தலைமை நிபுணரானார். ஷானல் கொடுத்தது தம் பெயரை.

இவ்வளவு கெட்டிக்கார அம்மாள் இப்படி ஒரு பத்திரத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? கூட்டாளிகள் தம் தையல் கடைக்குள் மூக்கை நுழைத்து விடுவார்களோ என்ற பயம் அவருக்கு. ‘சென்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், என் கடைப் பக்கம் மட்டும் வராதீர்கள்’ என்பதுதான் அவர் எண்ணம். சென்ட் வியாபாரம் தையல் வியாபாரத்தையே விழுங்கும் அளவுக்கு வளரும் என்று அவர் நினைக்கவில்லை.

வளர்ந்தது. அமெரிக்காவில் வளர்ந்தது, ஐரோப்பாவில் வளர்ந்தது. அது வளர வளர அம்மாளின் நெஞ்செரிச்சலும் வளர்ந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றார். வழக்குப் போட்டார். ஒன்று தோற்றால் இன்னொன்று. அவருடைய தொல்லையைச் சமாளிப்பதற்கென்றே வெர்த்தைமர் தனியாக ஒரு வக்கீலை அமர்த்த வேண்டி வந்தது என்று சொல்வார்கள்.

மே ஐந்தாந் தேதிக் கடிதம்

1939-இல் யுத்தம் மூண்டது. ஷானல் தையல் கடையை மூடினார். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையிழந்தார்கள். சென்ட் விற்பனை மட்டும் நடந்தது. 1940 ஜூனில் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தார்கள். யூதர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டங்கள் வந்தன. கடை போயிற்று, வீடு போயிற்று. பின்னர் ஆயிரமாயிரம் பேருக்கு உயிரும் போயிற்று. வெர்த்தைமர் குடும்பத்தார் தப்பி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஷானல் பாரிஸிலேயே, ரிட்ஸ் ஹோட்டலில் தங்கினார். ஜெர்மன் உத்தியோகஸ்தர்களும் அங்கேதான் தங்கியிருந்தார்கள். டிங்க்லாகே என்ற ஜெர்மானியர் அவருடைய நெருங்கிய நண்பரானார். தோற்ற கோர்ட்டு வழக்குகளுக்கெல்லாம் பழி வாங்க இதுவே சமயம் என்று அம்மாளுக்குத் தோன்றிவிட்டது.

1941-ஆம் வருஷம் மே 5-ந் தேதி—ஆம், ஐந்தாம் நம்பர் பிறந்து சரியாக இருபது வருஷம் கழித்து, அதே தேதியில்—யூதர்களின் சொத்துகளைக் கவனிக்கும் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘பர்ஃப்யூம் ஷானல்’ யூதர்களின் சொத்து. சொந்தக்காரர்கள் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஆகவே அதில் எனக்கே முன்னுரிமை என்பது அதன் சாரம்.

கூட்டாளி ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போகலாம், பத்திரிகையில் எழுதலாம், தெருவில் நின்று கத்தவும் கத்தலாம். ஆனால் வீட்டை விட்டு ஓடியவனின் சொத்தை, அவனை விரட்டியவனிடமே போய்க் கேட்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? அனாதை விடுதியிலிருந்து மேலே வந்த அந்தப் பெண்ணை இத்தனை நேரம் மெச்சிக்கொண்டு வந்த நமக்கு, இந்த இடத்தில் வாய் அடைத்துப் போகிறது.

ஆனால் வெர்த்தைமர் பழம் தின்று கொட்டை போட்டவர். இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து, புறப்படுவதற்கு முன்பே கம்பெனியை ஃபெலிக்ஸ் அமியோ என்ற கிறிஸ்தவ நண்பரின் பெயருக்கு மாற்றிவிட்டிருந்தார். அமியோ ஆகாய விமானம் செய்யும் முதலாளி. காகிதத்தில் அது இப்போது யூதர் சொத்தல்ல. அதிகாரிகள் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். ஷானலுக்குத் தோல்வி. யுத்தம் முடிந்ததும் அமியோ கம்பெனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அமெரிக்காவில் என்ன நடந்தது? மல்லிகைச் சாரம் இல்லாமல் ஐந்தாம் நம்பர் ஏது? கிரெகரி தாமஸ் என்ற அமெரிக்கரைக் கள்ளப் பெயரில் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். துப்பறியும் நாவலில் வருவது போல அவர் கிராஸுக்குப் போய், கலவைக் குறிப்பையும் பெருமளவு மல்லிகைச் சாரத்தையும் கடத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். நியூஜெர்ஸி மாகாணத்தில் ஹோபோக்கன் என்ற ஊரில் ஐந்தாம் நம்பர் தயாராயிற்று. பட்டாளத்துக் கடைகளிலும் அதை விற்றார்கள். பாரிஸ் கடை வாசலில் சிப்பாய்கள் கியூ நின்ற ரகசியம் இப்போது புரிகிறதல்லவா? அந்தப் பெயர் அவர்களுக்கு ஏற்கெனவே பாடம்!

சமாதானம்

1944-இல் பாரிஸ் விடுதலை பெற்றதும் ஷானலை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். அம்மாள் ஸ்விட்ஸர்லாந்துக்குப் போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. சிவப்பு லேபிலோடு ‘மத்மோஸேல் ஷானல்’ என்று சொந்தமாக வாசனைகள் தயாரித்து, பழைய கூட்டாளிகளுக்கே போட்டியாகக் கிளம்பினார்.

வெர்த்தைமர் யோசித்துப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போனால் தாமே ஜெயிக்கலாம். ஆனால் அம்மாள் யுத்த காலத்தில் செய்தவையெல்லாம் சந்தி சிரிக்கும். ஷானலின் பெயர் கெட்டால் புட்டியின் பெயரும் கெட்டுவிடுமே! இரண்டு பெயரும் ஒன்றல்லவா? தம்மை நாஜிகளிடம் காட்டிக் கொடுக்கத் துணிந்தவரின் மானத்தைத் தாமே காப்பாற்ற வேண்டிய விசித்திர நிலைமை அவருக்கு.

1947-இல் ராஜி ஏற்பட்டது. யுத்த கால விற்பனைக்காக அம்மாளுக்கு நான்கு லட்சம் டாலர். அதற்கு மேல், உலகத்தில் எங்கே விற்றாலும் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு இரண்டு. ஷானல் உலகத்துப் பெரும் பணக்காரப் பெண்மணிகளில் ஒருவராகிவிட்டார்.

கதை அங்கேயும் முடியவில்லை. 1954-இல், எழுபது வயதில், தையல் கடையை மறுபடி திறந்தார். பாரிஸ் பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. அமெரிக்கப் பெண்கள் வாங்கினார்கள். அந்தக் கடைக்குப் பணம் போட்டது யார்? அதே பியர் வெர்த்தைமர்! ரிட்ஸ் ஹோட்டல் வாடகை முதல் அம்மாளின் சகல செலவும் கம்பெனி கணக்கு. பதிலுக்கு ஷானல் என்ற பெயரின் உரிமை முழுவதும் வெர்த்தைமர் வசம் வந்தது. எந்தத் தையல் கடையை அவர்கள் தொடக்கூடாது என்பதற்காக 1924-இல் தொண்ணூறு பங்கை விட்டுக் கொடுத்தாரோ, அந்தத் தையல் கடையும் கடைசியில் அவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் புட்டியின் புகழ் ஏறிக்கொண்டே போயிற்று. ராத்திரி படுக்கப் போகும்போது தான் அணிவது ஐந்தாம் நம்பர்தான் என்று மர்லின் மன்றோ சொன்ன பதில் 1952-இல் அச்சில் வந்தது. அதற்குச் சமமான விளம்பரம் எந்தக் கம்பெனிக்கும் காசு கொடுத்துக் கிடைத்ததில்லை. 1985-இல் ஆண்டி வார்ஹால் என்ற அமெரிக்க ஓவியர் இந்தப் புட்டியை வண்ண வண்ணமாக அச்சடித்துக் கலைப்பொருளாகவே ஆக்கிவிட்டார்.

ஐந்து சிங்கங்கள்

எர்னஸ்ட் போ 1961-இல் காலமானார். வெர்த்தைமர் 1965-இல் போனார். 1970-இல் ஷானல் பெயரில் இன்னொரு வாசனை வெளிவந்தது. அதற்கும் நம்பர்தான்: பத்தொன்பது. அவர் பிறந்த தேதி. 1971 ஜனவரி 10-ந் தேதி, ரிட்ஸ் ஹோட்டல் அறையில், எண்பத்தேழாவது வயதில் ஷானல் இறந்தார். கணவன் இல்லை, குழந்தை இல்லை. ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்து மயானத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. கல்லிலே சிங்க முகங்கள் செதுக்கியிருக்கின்றன. எத்தனை என்று கேட்க வேண்டுமா? ஐந்து!

கம்பெனி இன்றும் பியர் வெர்த்தைமரின் பேரப் பிள்ளைகளுக்குச் சொந்தம். புட்டியின் மேலே இன்றும் ஷானலின் பெயர். கலவையைக் கண்டுபிடித்த போவின் பெயர் அதில் இல்லை. பனி ஈரம் காயுமுன் குனிந்து குனிந்து பூப் பறித்தவர்களின் பெயரும் இல்லை.

அந்தப் புட்டி என்றைக்காவது உங்கள் கைக்கு வந்தால், மூடியைத் திறந்ததும் அவசரப்பட்டுப் புடவையில் தெளித்துவிடாதீர்கள். சற்று நிதானமாக மோந்து பாருங்கள். முதலில் வருவது சோப்புப் போட்டு வெளுத்த துணியின் வாசனை. அது அனாதை விடுதியில் வளர்ந்த பெண்ணுடையது. கொஞ்ச நேரம் பொறுத்தால் அதன் அடியிலிருந்து இன்னொன்று மெள்ள எழும்பும். அது உங்களுக்குத் தெரிந்த வாசனைதான். சாயங்காலம் பூக்காரி முழம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற ஜாதிமல்லி.